சந்தை மறைத்த சட்டம்

சுவர்ப் பூச்சு முடியும் இடத்துக்கும் ஜன்னல் நிலை தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சந்து விழுந்தே தீரும். கோடையின் ஈரத்தில் நிலை உப்பும், குளிர்காலக் கணப்பில் சுருங்கும். பூச்சால் அதோடு ஈடுகொடுக்க முடியாது. அமெரிக்க மரவீடுகளில் அந்தச் சந்தை மறைக்க உள்பக்கம் அடித்த அலங்காரப் பட்டைதான் அறையின் அழகாகவே ஆனது. அதை யார் அடிக்கப்போகிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் வடிவமும் மாறிவந்தது.

18ஆம் நூற்றாண்டில் அது முழுக்கத் தச்சரின் கைவேலை. ஒவ்வொரு வளைவுக்கும் பள்ளத்துக்கும் தனி இழைப்புளி வேண்டும். மாசசூசெட்ஸின் ரெந்தம் ஊரில் அத்தகைய இழைப்புளிகளைச் செய்தவர் பிரான்சிஸ் நிக்கல்சன். அவரிடம் அடிமையாக இருந்து தொழில் கற்றவர் சீசர் செலர். 1753இல் நிக்கல்சன் இறந்தபோது, அவரது உயில் செலருக்கு விடுதலையும் கருவிகளும் நிலமும் தந்தது. 1784இல் இறக்கும்வரை செலர் தம் பெயரையே முத்திரையாகக் குத்தி இழைப்புளிகள் செய்தார். அவற்றில் சில இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. நியூ இங்கிலாந்தின் பழைய வீடுகளைப் புகழ்கிறவர்கள் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

1797இல் ஆஷர் பெஞ்சமின் வெளியிட்ட கட்டடக்கலை மாதிரிநூல், சிற்றூர்த் தச்சர்களின் கைக்கும் வடிவங்களைக் கொண்டுசேர்த்தது. 1828இல் வில்லியம் உட்வொர்த் மர இழைப்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்தடுத்து வந்த இயந்திரங்கள் அலங்காரப் பட்டைகளையும் கடைந்து தள்ளின. விஸ்கான்சினின் பைன் காடுகளை நம்பி ஆஷ்கோஷ் போன்ற ஊர்களில் கதவு, ஜன்னல் ஆலைகள் பெருகின.

பட்டை மலிந்தது, மூலை மட்டும் மசியவில்லை. மரம் அகலவாக்கில் சுருங்குமே தவிர நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. அதனால் 45 பாகையில் சாய்த்து அறுத்துச் சேர்த்த மூலை, மரம் காயக் காய உள்பக்கம் வாய் பிளக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய மூலைக்கட்டை இதற்கு அருமையான தீர்வு. நடுவில் வட்டம் கடைந்த சதுரக் கட்டையை மூலையில் அடித்து, பட்டைகளை நேராக அறுத்து அதில் முட்டவிட்டால் போதும். வெறும் ஆடம்பரமாகத் தெரியும் அந்த வட்டம், கைத்திறன் குறைந்தவருக்கும் வேலையை எளிதாக்கியது.

'தி கிராஃப்ட்ஸ்மேன்' இதழை 1901 முதல் 1916 வரை நடத்திய கஸ்டவ் ஸ்டிக்லி, எளிமையான மரவேலையை ஓர் அழகுநெறியாகவே முன்வைத்தார். அந்தப் பாணியில் அமைந்த வீடுகளில் ஜன்னலைச் சுற்றித் தட்டையான பலகைகள். பக்கப் பலகைகளின் தலையில் மேற்பலகை அப்படியே உட்காரும். அதே காலத்தில் சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை அஞ்சல்வழிப் பட்டியல் மூலம் வீடுகளையே விற்றது. மரமும் ஆணியும் ரயிலில் வந்து இறங்க, அவற்றை வாங்கியவர்களில் பலர் தாங்களே வீட்டை எழுப்பிக்கொண்டார்கள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கட்டிய வீடுகளில் பட்டை ஒடுங்கி மெலிந்தது. மூலையில் பழையபடி சாய்வு அறுப்பு திரும்பியதால், அகலப் பலகையைவிடச் செலவு குறைந்தாலும் அறுக்கும் கைக்குச் சிரமம் கூடியது. இன்று மின்ரம்பம் வாங்கித் தாங்களே ஜன்னலை அலங்கரிக்க இறங்கும் வீட்டுக்காரர் பலரும் முதலில் எடுப்பது ஸ்டிக்லி காலத்துத் தட்டைப் பலகையைத்தான். நிலையின் விளிம்பிலிருந்து சுமார் 5 மி.மீ. தள்ளிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கப் பலகைகளை நிறுத்தி, மேற்பலகையை ஏற்றி ஆணி அடிக்கிறார்கள். நிலை சற்றுக் கோணலாக இருந்தாலும் அந்த இடைவெளி அதைக் காட்டிக்கொடுக்காது.