மைனர் பாடம்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகள் அமெரிக்காவிலிருந்து அழைத்தாள். அங்கே பொருளாதாரம் இளங்கலை, இரண்டாம் ஆண்டு. "சித்தி, தெற்காசியவியல்ல மைனர் எடுக்கலாம்னு இருக்கேன். அப்பா கத்துறாங்க. நீங்க கொஞ்சம் பேசுங்க." அத்தானின் வாதம் எளிமையானது. அவ்வளவு தூரம் போய், அவ்வளவு பணம் கட்டி, நம் ஊரைப் பற்றியே படிப்பதா?

அங்கே மைனர் என்பது முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் சிறுபாடம். பெரும்பாலும் ஐந்தாறு தாள்கள். ஒரு நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றை ஒரு துறையிலும் சமயத்தை இன்னொன்றிலும் மானிடவியல், அரசியல், இலக்கியத்தை வேறு வேறு துறைகளிலும் போய் உட்கார்ந்து படிக்க வேண்டும். பல இடங்களில் அந்த நிலத்தின் மொழி ஒன்றும் கற்க வேண்டும். நம்மூர் மைனரோ கழுத்தில் சங்கிலியும் ஜவ்வாது மணமும் தாத்தன் சொத்துமாகத் திரிந்தவர். பெண்பால் இல்லாத சொல். இதைச் சொன்னதும் அவள் சிரித்தாள். எனக்கு மூவலூர் இராமாமிர்தம் நினைவுக்கு வந்தார். 1936இல் வெளிவந்த அவருடைய நாவலின் பெயர் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'.

அந்த நாவலுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அத்தானுக்குப் பதில் வேண்டுமே என்று இந்தப் படிப்பின் பூர்வீகத்தைத் தேடினேன். நல்ல குடும்பத்தில் பிறந்த படிப்பு அல்ல அது. போரில் பிறந்தது. 1944இல், போரிட்டுக்கொண்டிருந்த ஜப்பானியர் எப்படிப்பட்டவர்கள் என்று எழுதித் தரும்படி அமெரிக்கப் போர்த் தகவல் அலுவலகம் ரூத் பெனடிக்ட் என்ற மானிடவியலாளரைக் கேட்டது. அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. போர்க்காலத்தில் அங்கே போகவும் முடியாது. அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் திரைப்படங்களைப் பார்த்தும் எழுதினார். அதே ஆண்டுகளில் அங்கே ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். 1946இல் வெளிவந்த அவருடைய 'செவ்வந்தியும் வாளும்' பெரும்புகழ் பெற்றது. ஆனால் கொலம்பியா பல்கலைக்கழகம் அவரை முழுப் பேராசிரியராக்கியது 1948இல்தான். சில மாதங்களில் இறந்துபோனார். அரசுக்கு உடனே தேவைப்பட்ட அறிவு. பல்கலைக்கழகத்துக்கோ அவசரமில்லாத பெண்.

அதே 1948இல் நார்மன் பிரவுன் பென்சில்வேனியாவில் தெற்காசியப் பகுதி ஆய்வுக்கென்று துறை தொடங்கினார். 1957இல் சோவியத் ஸ்புட்னிக் வானில் ஏறியதும் அமெரிக்காவுக்குக் கிலி பிடித்தது. மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்து, உலக மொழிகளைக் கற்பிக்கும் மையங்களுக்குப் பணம் கொடுத்தார்கள். சட்டத்தின் பெயரிலேயே பாதுகாப்பு இருப்பதைக் கவனியுங்கள்.

புத்தகம் வேண்டுமே? அங்கேதான் கோதுமை வருகிறது. பி.எல். 480 என்ற 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்கா தன் உபரி தானியத்தை இந்தியாவுக்கு விற்றது. இந்தியா அதற்கு ரூபாயில் பணம் கட்டியது. அந்த ரூபாய் அமெரிக்காவின் கணக்கில் இங்கேயே கிடந்தது. அதில் ஒரு பங்கை எடுத்து, 1962 முதல் இந்திய மொழி நூல்களைப் பல படிகள் வாங்கித் தன் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பியது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம். தமிழ் நூல்களும் போயின. முனைவர் பட்ட ஆய்வின்போது அறுபதுகளில் ஒரு பெண் எழுதிய நாவலின் முதல் பதிப்பைத் தேடி நான்கு ஊர் நூலகங்களில் அலைந்தேன். கடைசியில் அது கிடைத்தது அமெரிக்க நூலகம் ஒன்றின் பட்டியலில்.

எங்கள் அம்மா பதின்மூன்று வயதில் ரேஷன் கடை வரிசையில் நின்ற காலம் அது. அரிசி கிடைக்காமல், ரூபாய்க்கு மூன்று படி என்று 1967 தேர்தலில் வாக்குறுதி தரும் அளவுக்குத் தட்டுப்பாடு. அம்மாவுக்குக் கிடைத்தது அமெரிக்கக் கோதுமை. அதைப் புடைத்து, இடித்து, களி கிண்டித் தின்றதால் வயிறு வலித்த கதையை இன்றும் சொல்வாள். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் ரேஷன் கடையில் எண்ணிக் கொடுத்த சில்லறையும் அந்தப் புத்தகப் பணத்தில் எங்கோ கலந்துதான் இருக்கும். அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் பேசாமலிருந்தாள்.

இத்தனைக்குப் பிறகும் படி என்றுதான் சொன்னேன். காரணம் இராமாமிர்தம். தேவதாசி மரபிலிருந்து வந்து, அந்த முறையை ஒழிக்கப் பாடுபட்டவர். அவருடைய நாவலைப் படிக்கத் தமிழ் மட்டும் போதாது. 1947இல் சென்னை மாகாணத்தில் வந்த தேவதாசி ஒழிப்புச் சட்டம் தெரிய வேண்டும். சுயமரியாதை இயக்கம், சாதி, இசை, கோயில் மானியம் எல்லாம் தெரிய வேண்டும். சட்டம் ஒரு கட்டடத்தில், இசை இன்னொரு கட்டடத்தில். என் எம்.ஏ. பாடத்தில் அந்த நாவல் இல்லவே இல்லை. இன்று என் மாணவிகள் மாதம் ஆயிரம் ரூபாய் பெறும் புதுமைப் பெண் திட்டத்தின் முழுப்பெயரில் அவர் இருக்கிறார். விண்ணப்பத்தில் எழுதிய பெயர், வகுப்பில் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

என் ஆய்வில் கோயில் பெண்களைப் பற்றி ஓர் இயலைச் சேர்க்க ஆசைப்பட்டேன். "நீ தமிழ்த்துறை. கல்வெட்டெல்லாம் வரலாற்றுக்காரங்க பாத்துக்குவாங்க" என்று அந்த இயலை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். பிறகுதான் லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட நூலைப் படித்தேன். சமயவியல் துறைக்காரர், சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் பெண்களைத் தேடியவர். அங்கே அவர்கள் ஆடுபவர்களாக வருவதைவிடக் கொடையாளிகளாக வருவதே மிகுதி என்று காட்டினார். வீட்டருகே இருந்த கல்லை எனக்காகப் படித்துச் சொல்ல கனடாவிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. பொறாமையோடும் நன்றியோடும்தான் படித்தேன். பெண்ணின் வாழ்க்கை துறைவாரியாக நடந்ததில்லை. அதைத் தேடுபவள் மட்டும் ஏன் ஒரே துறையில் அடைபட வேண்டும்?

அத்தானிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பொருளாதாரப் பட்டம் அப்படியே இருக்கும், இது கூடுதல் என்று மட்டும் சொன்னேன். அரைமனதாகச் சரி என்றார்.

இந்தப் பருவத்தில் அவளுக்கு உணவு வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதும் வேலை. ஆச்சியிடம் கோதுமையைப் பற்றிக் கேட்க வேண்டுமென்று வீடியோவில் வந்தாள். மானிடவியலில் இப்படிச் சொல்பவரைத் தகவலாளி என்பார்கள். பெரும்பாலும் பெயர் இருக்காது, வயதும் ஊரும் மட்டும் இருக்கும். அம்மா ஒரு மணி நேரம் பேசினாள். சல்லடை, உரல், வரிசையில் முந்திக்கொண்டு போன ஆண்கள், அப்பாவுக்கு எடுத்துவைத்த கொஞ்சம் அரிசிச் சோறு. கடைசியில் கேட்டாள்:

"ஏட்டி, அதுல என் பேரு வருமா?"

பேத்தி என்னைப் பார்த்தாள். அவளுடைய பேராசிரியரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். "அவர்ட்ட எதுக்குக் கேக்க? சொன்னது நானுல்லா?" என்றாள் அம்மா.