கார்த் தரைத்தகடு: வீட்டுப் பட்டறைச் சீரமைப்பு

காரில் பயணிகளின் காலடியில், முன்புறத் தடுப்புச் சுவர் தொடங்கிப் பின்னிருக்கை வரை பரந்திருக்கும், அச்சில் அழுத்தி எடுத்த எஃகுத் தகடே தரைத்தகடு. துரு தின்ற பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அதே வடிவில் புதுத் தகட்டைக் கையால் உருவாக்கிப் பற்றவைப்பது, பழைய கார் வைத்திருப்போர் வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்ளும் வேலைகளில் பெரியது. தமிழ்நாட்டில் இது டிங்கரிங் பட்டறைக்காரரின் தொழில்.

தொடக்க வரலாறு

ஆரம்பகாலக் கார்களின் தரைக்குத் தாங்கும் பொறுப்பு எதுவும் இல்லை. ஏணி வடிவச் சட்டம் வண்டியைச் சுமந்தது, கூடு அதன்மேல் அமர்ந்தது. 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரின் தரை, கழற்றி எடுக்கக்கூடிய மரப்பலகைகளால் ஆனது. பலகை உளுத்தால் ஒரு தச்சர் போதும்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எட்வர்டு பட் என்பவர் முழு எஃகுக் கூடுகளை அச்சில் அழுத்திச் செய்யத் தொடங்கியபின் நிலைமை மாறியது. 1914இல் வந்த டாட்ஜ் கார்கள் அவருடைய கூடுகளோடு விற்கப்பட்டன. 1922இல் இத்தாலியின் லான்சியா லாம்ப்டா தனிச் சட்டத்தையே கைவிட்டது. 1934இல் சிட்ரோயன் டிராக்‌ஷன் அவான், 1935இல் ஓப்பல் ஒலிம்பியா, 1941இல் நாஷ் 600 ஆகியன அதே வழியில் வந்தன. அதுவரை சட்டம் சுமந்த பாரத்தைத் தரையும் பக்கவாட்டுப் பெட்டித் தண்டுகளும் பங்கிட்டுக்கொண்டன. தரையில் ஓட்டை விழுந்தால் வண்டியே வலுவிழக்கும் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான மோரிஸ் மைனர் இங்குத் தனிக் கவனத்துக்குரியது. உற்பத்திக்கு முந்தைய கடைசிக் கட்டத்தில், வண்டி ஒடுங்கித் தெரிகிறது என்று மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக அறுத்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார் இசிகோனிஸ். பானெட்டின் நடுவே தெரியும் தட்டையான பட்டை அதன் தழும்பு. தரையிலும், அதன் நடுவே நெடுக்காகப் புடைத்தோடும் நடுக்குகையின் இருபுறமும் 2 அங்குலம் வீதம் சேர்க்கப்பட்டது. ஆக, பின்னாளில் கொட்டகைகளில் நடந்த வெட்டி ஒட்டும் வேலையை இந்தக் கார் பிறக்கும்போதே சந்தித்துவிட்டது. 1990களில் இதன் மாற்றுத் தகடுகள் இலங்கையில் கையால் செய்யப்பட்டு, இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள மோரிஸ் மைனர் மையத்துக்குப் போயின.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் தரை வேறு வகை. நடுவில் முதுகெலும்பாக ஒரு குகை, அதன் இருபுறமும் பாதித் தகடுகள். கூடு மேலே போல்ட்டால் இறுக்கப்படும். பேட்டரி பின்னிருக்கையின் வலப்புறத்துக்கு அடியில் இருப்பதால், அமிலம் சிந்திய அந்த மூலை பெரும்பாலும் முதலில் அரிக்கும்.

துரு

குளிர்நாடுகளில் சாலையில் தூவும் உப்பும், கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் அடியிலிருந்து தாக்குகின்றன. ஆனால் மோசமான அரிப்பு பெரும்பாலும் மேலிருந்துதான். முன்கண்ணாடி ரப்பர் வழியே கசியும் நீர் கம்பளத்துக்கு அடியிலுள்ள சணல் விரிப்பில் ஊறித் தங்கிவிடும். அடியில் பூசிய தார் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும்.

தகட்டை உருவாக்குதல்

பொதுவாக 18 முதல் 20 கேஜ், அதாவது 1.2 முதல் 0.9 மில்லிமீட்டர் மென் எஃகுத் தகடு பயன்படும். கனமான தகடு போட்டால் வலு கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது எடையைத்தான் கூட்டும். தரையின் விறைப்பு கனத்தில் இல்லை, அதில் ஓடும் புடைப்பு வரிகளிலும் விளிம்பு மடிப்புகளிலும் இருக்கிறது. வரியில்லாத சமதகடு கால் வைத்தால் தகரமாய் அதிரும்.

வரி எடுக்கப் பீடிங் மெஷின் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கெட்டி மரத்தில் பள்ளம் குடைந்து, தகட்டை அதன்மேல் கவ்வி வைத்து, முனை மழுங்கிய உளியால் அடிக்கலாம். ஒரே இடத்தில் முழு ஆழத்துக்கு இறக்கக் கூடாது. நீளம் முழுக்க மெல்ல அடித்து, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். வரி விழ விழத் தகடு உள்ளே இழுபடும். ஆகவே அட்டையில் மாதிரி வெட்டி, அதைவிட 2 அல்லது 3 சென்டிமீட்டர் பெரிதாகத் தகட்டை எடுத்து, வரிகளை முடித்தபின்பே ஓரம் கத்தரிப்பர். நேர் மடிப்புக்கு வைஸில் இறுக்கிய இரண்டு ஆங்கிள் இரும்புகள் போதும். வெளிவளைவில் விளிம்பு மடிக்கும்போது மிஞ்சும் தகட்டைப் புடவைக் கொசுவம்போல மடிப்பெடுத்துக் கொட்டாப்புளியால் தட்டி அடக்க வேண்டும். உள்வளைவில் அதற்கு நேர்மாறாக, சுத்தியலும், தகட்டின் மறுபுறம் தாங்கிப் பிடிக்கும் டாலி என்ற இரும்புக் கட்டியும் கொண்டு அடித்து நீட்ட வேண்டும்.

பற்றவைத்தல்

வெட்டுமுன் பேட்டரியைக் கழற்றுவதும், அடியில் ஓடும் பெட்ரோல், பிரேக் குழாய்களை விலக்குவதும் கட்டாயம். பக்கவாட்டுத் தண்டும் போயிருந்தால் கதவு வாசலில் குறுக்குக் கம்பி கொடுத்த பிறகே ரம்பத்தைத் தொட வேண்டும். இல்லையெனில் கூடு தொய்ந்து கதவு சாத்தாது. விளிம்போடு விளிம்பு சேர்ப்பதே சரியான முறை. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் இடுக்கில் ஈரம் தங்கி மீண்டும் துரு பிடிக்கும். வெப்பம் ஓரிடத்தில் குவிந்தால் தகடு நெளியும் என்பதால் தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்புவர். துத்தநாகம் பூசிய தகட்டில் பூச்சைத் தேய்த்து நீக்காமல் பற்றவைத்தால் புகையால் காய்ச்சல் வரும்.

பிரிட்டனில் 1960இல் தொடங்கிய கட்டாய வாகனச் சோதனை, சுமை தாங்கும் பகுதிகளில் ரிவெட்டும் பட்டியும் வைத்து மூடிய ஒட்டுகளை ஏற்பதில்லை. இடைவெளியற்ற பற்றவைப்பைக் கேட்கிறது. 2018 முதல் 40 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு இச்சோதனையிலிருந்து விலக்கு உண்டு.

இந்தியாவில் 1957 முதல் 2014 வரை தயாரான அம்பாசடரும் சட்டமில்லாக் கூடு கொண்டதே. மேற்கண்ட முறைகள் அதற்கும் பொருந்தும். இன்றைய கார்களில் சூடுபட்டால் வலுவிழக்கும் உயர்வலு எஃகும் அலுமினியமும் கலந்து வருவதால் வீட்டுப் பட்டறைக்கு இடம் குறைவு.