இறந்தவர் கணக்கை யார் எழுதுவது? – கார்டன் ரீச் நவாப் முதல் எங்கள் பெரியப்பா வரை

கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் கார்டன் ரீச்சை நம்மவர்களுக்கு ரயில்வேயால்தான் தெரியும். தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் அங்கேதான். எங்கள் பெரியப்பா முப்பது வருஷம் அங்கே குப்பை கொட்டியவர். ஆனால் ரயிலுக்கு முன்னால் அங்கே ஒரு ராஜா இருந்தார். அவர் செத்த பிறகு நடந்த கூத்து, வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரில் இறந்தவரின் பாங்க் பாஸ்புக்கைப் புரட்டும் நம்மைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் உபயோகமானது.

அவத் நவாப் வாஜித் அலி ஷாவை 1856-ல் கும்பெனி பதவியிலிருந்து இறக்கியது. லக்னோவை விட்டுக் கல்கத்தா வந்தவர் கார்டன் ரீச்சின் மட்டியாபுர்ஜில் ஒரு குட்டி லக்னோவையே கட்டினார். அரண்மனைகள், இமாம்பாரா, மிருகக்காட்சி சாலை, பாட்டு, கதக். வருஷத்துக்கு 12 லட்ச ரூபாய் பென்ஷன். அதற்கு மேல் கடன். (கல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு விழுந்ததும் அவர் சமையலறையில்தான் என்பார்கள். அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.)

1887 செப்டம்பரில் அவர் காலமானார். ஏகப்பட்ட மனைவிகள், பிள்ளைகள், வேலையாட்கள், கடன்காரர்கள். சாதாரண மனிதராக இருந்தால் வாரிசுகள் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள். சர்க்கார் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்த ஒரே ஒரு மனிதரின் சொத்துக்காக 1887-ல் ஒரு சட்டம், 1888-ல் இன்னொன்று. சொத்தை நிர்வகித்து, கடனைத் தீர்த்து, மிச்சத்தைப் பங்கு பிரிக்கும் அதிகாரம் முழுக்க சர்க்காரின் கையில். மிருகங்கள் ஏலம் போயின, கட்டடங்கள் கைமாறின. அப்போதும் கணக்கு முடிந்தபாடில்லை. 1917-ல், முப்பது வருஷம் கழித்து, 'அவத் மன்னர் எஸ்டேட் செல்லுபடியாக்கும் சட்டம்' என்று மூன்றாவதாக ஒன்று வந்தது. ஏகாதிபத்தியத்துக்கே இந்தக் கதி என்றால் நமக்கு?

சரி, ராஜாவுக்குத் தனிச் சட்டம். மற்றவர்களுக்கு?

இந்தியாவில் வருமான வரியை 1860-ல் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன். அதே வருஷம் ஆகஸ்டில் அவரும் கல்கத்தாவிலேயே இறந்துபோனார். வரி நடுவில் நின்று, 1886 சட்டத்தோடு நிலைத்தது. 1922-ல் விரிவான சட்டம் வந்தது. இவ்வளவு எழுதியவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள்: வரி கட்டுகிறவன் சாவான் என்பதை!

ஓட்டை வெளியே தெரிந்தது 1930-ல், பம்பாய் உயர் நீதிமன்றத்தில், எல்லிஸ் ரீட் வழக்கில். ரிட்டர்ன் கேட்டு அவருக்கு நோட்டீஸ் போயிருந்தது. ரிட்டர்ன் போடாமலே அவர் இறந்துவிட்டார். அப்படி இறந்தவருக்கு வரி நிர்ணயம் செய்ய இந்தச் சட்டத்தில் வழியே இல்லை என்றது கோர்ட். அதாவது தாமதமான ரிட்டர்ன் ஆளோடு சேர்ந்து போய்விட்டது.

சர்க்கார் சும்மா இருக்குமா? 1933-ல் 24-பி என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். இறந்தவர் போடாமல் விட்ட ரிட்டர்னுக்கு அவருடைய சட்டப் பிரதிநிதி பதில் சொல்ல வேண்டும். ஆனால் இறந்தவரின் சொத்து தாங்கும் அளவுக்குத்தான். 1961 சட்டத்தில் இதுவே 159-ஆம் பிரிவானது. (அதற்குப் பதிலாக 2025-ல் நிறைவேறிய புதிய சட்டத்துக்குத் தொடக்க நாள் 2026 ஏப்ரல் 1. அதனால் இனி வரும் காகிதங்களில் பிரிவு எண் வேறாக இருக்கும், மிரள வேண்டாம்.)

பெரியப்பா போனபோது இதெல்லாம் எங்கள் வீட்டுக்கே வந்தது. பென்ஷனும் ஃபிக்சட் டெபாசிட் வட்டியும் வரிக்கு உட்படும் அளவுக்கு இருந்தன. உடம்பு முடியாத கடைசி வருஷங்களில் அவர் ரிட்டர்ன் போடவில்லை. சிங்கப்பூரிலிருந்த அண்ணா, "டெபாசிட்டை உடைச்சுப் பிரிச்சுக்கலாம்டா, போனவர் போயிட்டார், அவரையா வந்து கேப்பான்?" என்றார்.

கேட்பான். அவரை இல்லை, நம்மை. பழைய வரி, வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் இறந்தவரின் சொத்திலிருந்துதான் போகும், நம் சம்பளத்தை யாரும் தொட முடியாது. இதுதான் 159 தரும் பாதுகாப்பு. ஆனால் அதே பிரிவுக்குள் ஒரு கொக்கி உண்டு. வரி பாக்கி இருக்கும்போதே சொத்தை விற்றாலோ, அடகு வைத்தாலோ, பிரித்துக் கொடுத்தாலோ, அந்தச் சொத்தின் மதிப்பு வரைக்கும் கொடுத்தவர் தலையிலேயே விடியும். நான் அண்ணாவிடம் சொன்னது ஒரே வரிதான்: "முதல்ல ரிட்டர்ன், அப்புறம் பங்கு." அண்ணா ஒரு மாதம் பேசவில்லை, அது வேறு கதை.

இன்னொரு குழப்பம் நிறையப் பேருக்கு உண்டு. ஏப்ரல் 1 முதல் இறந்த நாள் வரையிலான வருமானம் இறந்தவருடையது. அவர் பான் எண்ணிலேயே, வாரிசாகப் பதிவு செய்துகொண்டு, நாம் கணக்குக் காட்டவேண்டும். இறந்த நாளுக்குப் பிறகு வரும் வட்டி அவருடையது அல்ல. உயில் இருந்து, நிறைவேற்றுகிறவர் ஒருவர் இருந்தால், சொத்து முழுக்கப் பிரியும்வரை அது எஸ்டேட்டின் வருமானம். உயில் இல்லாவிட்டால் வாரிசுகளின் கணக்கில் சேரும். இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் குழப்பினால் சிக்கல் நிச்சயம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2010-ல் இறந்த ஒருவர் பெயருக்கு 2017-ல் வருமான வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. ஆள் இறந்ததைக் குடும்பம் தெரிவிக்கவில்லை என்று துறை வாதாடியது. 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நோட்டீஸை ரத்து செய்தது. மரணத்தை வலியப் போய்த் துறைக்குச் சொல்லும் கடமை வாரிசுகளுக்குச் சட்டத்தில் இல்லை என்றது. நியாயம்தான். ஆனால் இதை நம்பிச் சும்மா இருந்தால், உயிரோடிருக்கும் வாரிசின் பெயருக்கு ஒழுங்கான நோட்டீஸ் வருவதற்குள் வட்டி மாதம் ஒரு சதவீதமாக ஏறிக்கொண்டே இருக்கும்.

பெரியப்பாவின் ரிட்டர்ன்களை ஊரில் ஒரு ஆடிட்டரைப் பிடித்து, இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் வைத்துப் போட்டு முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. டெபாசிட்டை அதற்குப் பிறகுதான் பிரித்தோம்.