தந்தையின் பின்னே 240 மைல்

தலைநகரில் வாழும் தமிழ் மக்கள் சாணக்யபுரிக்கு வந்துபோகாமல் இருப்பதரிது. தூதரகங்களில் காரியம் இல்லாதவர்க்கும் தமிழ்நாடு இல்லத்தில் ஏதேனும் காரியம் இருக்கும். அப்பக்கத்தில், சர்தார் படேல் மார்க்கும், வில்லிங்டன் பெயரை நீக்கி அன்னை தெரேசாவின் பெயரைச் சூட்டிக்கொண்ட வளைவுச் சாலையும் கூடுமிடத்தில், பதினொரு வெண்கல உருவங்கள் நடந்துகொண்டிருப்பதைக் காண்கிறோம். இவ்வூரார் அதைக் ‘கியாரா மூர்த்தி’ என்பர். பிற மாநிலங்களில் வாழும் நேயர்களும் அறிந்த காட்சியே இது. 2016ஆம் ஆண்டு நவம்பரில் செல்லாததாக்கப்பட்ட பழைய 500 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் இது அச்சாகியிருந்தது.

இதை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வங்காளியாயினும் நமக்கு அயலார் அல்லர். சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். மெரினாக் கடற்கரையின் உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் அவர் கைவண்ணமே. தில்லிச் சிற்பம் முற்றுப்பெறுமுன் 1975இல் அவர் மறைந்தார். அது நிறுவப்பட்டது 1982இல்.

தண்டி யாத்திரையை நினைவூட்டும் சிற்பம் என்றாலும், சென்றவர்களை அப்படியே படியெடுத்ததன்று. உருவங்களில் பெண்களும் உள்ளனர். 1930ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் காலை சபர்மதி ஆசிரமத்திலிருந்து காந்தியடிகளுடன் புறப்பட்ட 78 பேரில் ஒரு பெண்ணும் இல்லை. ஆனால் அந்த 78 பேரில் அடிகளின் மகன் ஒருவர் இருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? இரண்டாம் புதல்வர் மணிலாலுக்கு அப்பொழுது வயது 37. தந்தைக்கு 60 நிறைந்திருந்தது. மூத்த புதல்வர் ஹரிலாலின் மகன் காந்திலாலும் உடன் நடந்தார். ஆக, ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை அன்று ஒரே புழுதியில் கால் வைத்தது.

இந்தத் தந்தைக்கும் மகனுக்கும் இடையே நடந்தவற்றை அறிந்தால்தான் அந்த நடையின் கனம் விளங்கும். ஆசிரமப் பணத்தில் சிறு தொகையைத் தமையன் ஹரிலாலுக்குக் கொடுத்த குற்றத்துக்காக, 1916இல் மணிலால் ஆசிரமத்தை விட்டு அனுப்பப்பட்டார். காந்தியின் பெயரைச் சொல்லி எவரிடமும் உதவி கேட்கலாகாது என்பது கட்டளை. நெசவு கற்று வாழ்ந்தார். பின்பு சென்னையில் ஜி. ஏ. நடேசனின் ஆதரவில் சில மாதங்கள் இருந்தார். துன்பத்திலிருந்த தமையனுக்கு உதவிய இளைஞருக்கு இத்தண்டனை மிகை என்றே நமக்குத் தோன்றுகிறது. பொதுப்பணத்தில் ஒரு காசும் பிசகக்கூடாது என்ற தந்தையின் கருத்தை மறுப்பதற்கில்லை. மன்னிப்பதில் சிறிது விரைவு காட்டியிருக்கலாம். 1917இல் மணிலால் தென்னாப்பிரிக்கா சென்று, பின்னர் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அங்கே ஒரு முஸ்லிம் பெண்ணை மணக்க விரும்பியபோது 1926இல் தந்தை தடுத்தார். மறு ஆண்டு, பெரியோர் பார்த்த சுசீலாவை மணந்தார்.

உப்புப் போர் மூண்ட வேளையில் மணிலால் மனைவியுடனும் சிறு குழந்தையுடனும் இந்தியாவில் இருந்தார். அவர்களை விட்டுப் பிரிந்து தொண்டர் வரிசையில் நின்றார்.

வழிநடையின் ஒழுங்கு கடுமையானது. தோளில் ஒரு பை. அதில் படுக்கை, மாற்றுத் துணி, தக்ளி, நாட்குறிப்பு, தண்ணீர்க் குவளை. நாள்தோறும் வழிபாடு, நூற்பு, குறிப்பெழுதுதல். காலையும் மாலையுமாக ஏறத்தாழ 10 மைல், திங்கட்கிழமை ஓய்வு. அடிகளுக்கென ஒரு குதிரை கொண்டுவரப்பட்டது. அவர் அதில் ஏறவில்லை. இளைஞர் சிலர் காலில் கொப்புளம் கண்டு தளர்ந்தபோதும் அவர் மூங்கில் தடியூன்றி விரைந்தார். மகி ஆற்றை இரவில், முழங்கால் சேற்றில் இறங்கிக் கடந்தனர்.

சூரத்தை நெருங்குகையில் பட்காம் என்னும் ஊரில், தொண்டர்களுக்காகச் சூரத்திலிருந்து லாரியில் காய்கறியும் பாலும் வந்ததையும், கூலியாள் ஒருவர் கனத்த விளக்கைத் தலையில் சுமந்து வந்ததையும் கண்டு அடிகள் மனம் புண்பட்டார். ஏழைகளுக்காக நடப்பவர் ஏழையின் தலைமேல் விளக்கேற்றுவதா என்ற வேதனை அன்றைய பேச்சில் வெளிப்பட்டது. மகனிடம் காட்டிய கண்டிப்பை அவர் தம்மிடத்தும் காட்டத் தவறியதில்லை.

24 நாள் கழித்து, ஏப்ரல் 5இல் தண்டியை அடைந்து, மறுநாள் காலை உப்பெடுத்தார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 13இல், ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்குப் புறப்பட்டார். தொண்டர்க்குச் சோறிடக்கூடாது என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் தடைவிதிக்க, நம் மக்கள் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்த கதையை நேயர்கள் தம் பாட்டனாரிடம் கேட்டிருப்பர்.

மே மாதத் தொடக்கத்தில் அடிகள் சிறைப்பட்டார். மே 21இல் தராசனா உப்பளத்தை நோக்கிச் சரோஜினி நாயுடுவின் தலைமையில் தொண்டர்கள் சென்றபோது முன்வரிசையில் மணிலால் நின்றார். இரும்புப் பூணிட்ட தடிகள் தலைகளில் விழுந்தன. தடுக்க ஒரு கையும் உயரவில்லை. அமெரிக்கப் பத்திரிகையாளர் வெப் மில்லர் எழுதியனுப்பிய செய்தி உலகெங்கும் பரவியது. இம்முறை முன்னே நடக்கத் தந்தை இல்லை.

மணிலாலும் சிறை சென்றார். பின்பு தென்னாப்பிரிக்கா திரும்பிப் பத்திரிகையைத் தொடர்ந்து நடத்தினார். தந்தை மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1952 டிசம்பரில், ஜெர்மிஸ்டனில் ஆப்பிரிக்கர் குடியிருப்புக்குள் அனுமதியின்றி நுழைந்து இனவெறிச் சட்டத்தை மீறினார். அன்று அவருடன் சென்றவர்களில் பாட்ரிக் டங்கன் என்ற வெள்ளையர் ஊன்றுகோல்களின் துணையால் நடந்தார். மணிலாலுக்கு அப்போது வயது 60. தண்டிக்குப் புறப்பட்டபோது தந்தைக்கிருந்த வயது.