யானைக் கொட்டாரத்தில் ஒரு போர்விமானம்

ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரில் ஹிஜ்ரீ மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், உடலில் இறகுகளைப் போர்த்து, இரு சிறகுகளைப் பூட்டிக்கொண்டு வானில் பறக்க முயன்றார் என்பது நம்மவர்கள் பெருமையோடு சொல்லிவரும் செய்தி. சிறிது தொலைவு பறந்தார் என்றும், இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்றும், பறவை தன் வாலைக் கொண்டு இறங்குவதை அவர் எண்ணாமற் போனதே அதற்குக் காரணம் என்றும் கூறுவர். இச்செய்தி நம் கைக்கு வந்தது எவ்வாறு? அவருக்கு ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் வாழ்ந்த அல்-மக்கரீ என்னும் வரலாற்றாசிரியர், முன்னோர் சொல்லிவைத்ததைத் தம் நூலில் பதிந்துவைத்தார். அதனால் நாம் அறிகிறோம். சிறகு மிஞ்சவில்லை, சொல் மிஞ்சியது.

சொல்லோடு சிறகையும் காத்துவைக்க முடியுமா? முடியும் என்று காட்டியிருக்கின்றனர் இங்கிலாந்து நாட்டினர். முதல் உலகப் போரில் பறந்த விமானங்களைத் தேடியெடுத்துச் செப்பனிட்டு, மக்கள் காணும்படி மீண்டும் வானில் பறக்கவிடுவதை அங்கே ஒரு பெருங்கலையாகவே வளர்த்துள்ளனர். அக்கலையின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. முஸ்லிம் அரசர் ஒருவருக்கும் பங்குண்டு. முஸ்லிம் மக்கள் சிந்திய குருதிக்கும் பங்குண்டு. ஆகவே அதனை வேடிக்கைச் செய்தியாகப் படித்துவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை.

பீக்கானேர்க் கோட்டையில்

இராஜஸ்தானத்துப் பாலைநிலத்தில் பீக்கானேர் நகரம் இருக்கிறது. அங்குள்ள ஜூனாகர் கோட்டையைப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியவர், பேரரசர் அக்பரின் தளபதிகளுள் ஒருவராக விளங்கிய இராஜா இராய் சிங். அவர் வழிவந்த மகாராஜா கங்கா சிங், முதல் உலகப் போரில் தம் ஒட்டகப் படையைப் பிரிட்டிஷாருக்கு அளித்தவர். 1919-ல் வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர். போர் முடிந்தபின் பிரிட்டிஷ் அரசு, தன்னிடம் மிகுந்துபோன விமானங்களைத் தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கு அன்பளிப்பாக வழங்கிற்று. அவ்வகையில் டி.எச்.9 என்னும் குண்டுவீச்சு விமானங்கள் சில பீக்கானேருக்கு வந்து சேர்ந்தன.

காலம் உருண்டது. அரசுகள் மறைந்தன. விமானங்கள் கோட்டையின் யானைக் கொட்டாரத்தில் ஒதுக்கப்பட்டுக் கேட்பாரற்றுக் கிடந்தன. 1990-களில் இச்செய்தி இங்கிலாந்தில் பழைய விமானங்களைச் செப்பனிடும் தொழிலில் வல்லவரான கை பிளாக் என்பவரின் செவிக்கு எட்டியது. அவர் முயன்று இரு விமானங்களின் எச்சங்களை விலைக்கு வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் ஒன்று 2007-ஆம் ஆண்டு முதல் கேம்பிரிட்ஜ் வட்டாரத்து டக்ஸ்ஃபோர்டு விமானத்தளத்திலுள்ள பேரரசுப் போர்க் காட்சியகத்தில் நிற்கிறது. மற்றொன்று 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில், அதே டக்ஸ்ஃபோர்டில், மீண்டும் வானில் எழுந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் செய்யப்பட்ட விமானம் அது! பீக்கானேரிலும் ஒரு டி.எச்.9 கோட்டைக் காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

டி.எச்.9 புகழ்பெற்ற விமானம் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1917-ல் அவசர அவசரமாகப் பெருந்தொகையில் செய்யப்பட்டது. அதன் ப்யூமா இயந்திரம் 300 குதிரைத்திறன் தரும் என்று நம்பினர். கிடைத்ததோ 230 அளவே. குண்டுகளைச் சுமந்துகொண்டு போதிய உயரத்துக்கு ஏறமாட்டாமல், பகைவரின் கைக்கு எளிதில் இலக்காயிற்று. விமானியும் அவர் பின்னே அமர்ந்த துப்பாக்கி வீரருமாக இளைஞர் பலர் அதில் மாண்டனர். வெற்றி பெற்றதை மட்டுமன்றித் தோற்றதையும் காத்துவைப்பதுதான் வரலாற்றுக்குச் செய்யும் நேர்மை என்று நமக்குத் தோன்றுகிறது.

மரம் மாறினால் விமானம் மாறுமா?

இவ்விமானங்களின் உடல் மரச்சட்டம். அதன்மேல் லினன் துணி போர்த்து, துணி விறைத்து இறுகும்படி ஒரு பூச்சுப் பூசியிருப்பர். இறக்கைகளை எஃகுக் கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கும். துணி மக்கும், மரம் உளுக்கும், பசை விட்டுப்போகும். எனவே அதனைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவருகிறவர்கள் மரத்தையும் துணியையும் பெரும்பாலும் புதிதாகவே செய்கின்றனர். பழைய உலோகப் பொருத்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, தாங்கக்கூடியவற்றை மட்டும் மீண்டும் பொருத்துகின்றனர். அவ்வாறாயின் பறப்பது பழைய விமானந்தானா, அல்லது அதன் படியா? இந்தக் கேள்வி அறிஞர்களிடையே நெடுநாளாக நடந்துவருகிறது.

மதறஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய கேள்வியன்று. ஓர் ஆசிரியர் எழுதிய மூலப்பிரதி அழிந்துவிடுகிறது. மாணவர் எழுதிய பிரதி இருக்கிறது. அவர் மாணவர் எழுதிய பிரதி இன்று நம்மிடம் இருக்கிறது. தாளும் மையும் வேறு, கையெழுத்தும் வேறு. எனினும் அதனை ஆசிரியரின் நூலென்றே ஏற்கிறோம். எப்போது? பிரதியெடுத்தவர் அதனை மூலத்தோடு வரிக்குவரி ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு ‘முகாபலா’ என்று பெயர். யாரிடமிருந்து யார் பெற்றார் என்னும் ‘இஸ்னாத்’ தொடரும் அறுபடாமல் இருக்க வேண்டும். ஒப்பிடாத பிரதியை அறிஞர் நம்பமாட்டார்.

விமானத்தைச் செப்பனிடுவோரும் இதே நெறியைத்தான் கைக்கொள்கின்றனர். எந்தப் பகுதி பழையது, எது புதியது, எந்த அளவின்படி, எந்த மரத்தால் செய்யப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்துச்சான்று வைக்கின்றனர். அச்சான்று இருக்கும்வரை புதிய மரத்தில் குற்றமில்லை. புதியதைப் பழையதென்று சொல்லி ஏமாற்றுவதே குற்றம். இட்டுக்கட்டிய அறிவிப்பைக் கண்டு நம் முஹத்திஸுகள் அஞ்சியதும் இதற்காகத்தானே!

பறப்பதா, நிற்பதா?

எஞ்சியிருப்பதை ஏன் பறக்கவிட வேண்டும்? விழுந்து நொறுங்கினால் போனது போனதுதானே என்பார் சிலர். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. 1957-ல் பிரிட்டிஷ் விமானப்படை, இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களைப் பறக்கும் நிலையில் காப்பதற்கென்றே ஒரு சிறு பிரிவை அமைத்தது. 1991-ல் அப்பிரிவின் ஹரிக்கேன் ஒன்று இயந்திரம் பழுதாகி விழுந்து எரிந்தது. அதனைச் செப்பனிடும் செலவுக்காகத் தன் ஸ்பிட்ஃபயர் ஒன்றையே அப்பிரிவு விற்க வேண்டியதாயிற்று. ஒன்றைக் காக்க ஒன்றை இழந்தனர்.

பொருளிழப்பு ஒருபுறமிருக்க, உயிரிழப்பை என்னென்பது? 2015 ஆகஸ்டில் ஷோரம் என்னுமிடத்தில் ஹண்டர் என்னும் பழைய போர்விமானம் காட்சிப் பறத்தலின்போது நெடுஞ்சாலையில் விழுந்ததில் 11 பேர் மாண்டனர். 2019-ல் அமெரிக்காவில் பயணிகளை ஏற்றிச்சென்ற பழைய குண்டுவீச்சு விமானம் விழுந்து 7 பேர் இறந்தனர். 2022-ல் டல்லாஸ் நகரில் இரு பழைய விமானங்கள் வானிலேயே மோதி 6 பேர் மடிந்தனர். ஷரீஅத்தின் ஐம்பெரும் நோக்கங்களுள் உயிரைக் காத்தலும் ஒன்று என்று நாம் ஓதியிருக்கிறோம். நினைவைக் காப்பதற்காக உயிரைப் பணயம் வைப்பதை நாம் ஒப்பமாட்டோம்.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. பறக்கும் விமானத்தைக் காக்கவேண்டுமானால், அந்த இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவர், அந்த மரத்தை இழைக்கத் தெரிந்தவர், அந்தத் துணியைத் தைக்கத் தெரிந்தவர் என்று ஒரு கூட்டமே வாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். நிற்கும் விமானம் பொருளை மட்டும் காக்கிறது. பறக்கும் விமானம் அறிவைக் காக்கிறது. திருமறை ஏட்டிலும் காக்கப்பட்டது. ஹாஃபிழ்களின் நெஞ்சிலும் காக்கப்பட்டது. ஏடு மட்டும் போதுமென்று நம் முன்னோர் இருந்துவிடவில்லை. இவ்வுவமையை அளவோடு கொள்க. இறைமறையையும் மனிதன் செய்த கருவியையும் ஒருதட்டில் வைப்பது நம் கருத்தன்று. காக்கும் முறை இரண்டு என்பதற்காகவே சொன்னோம்.

இங்கிலாந்தின் ஷட்டில்வொர்த் தொகுப்பில் நடுவழி ஒன்றைக் காண்கிறோம். முதல் உலகப் போர்க்கால விமானங்கள் அங்கே பறக்கின்றன. ஆனால் காற்று அடங்கிய வேளையில் மட்டுமே. காற்று வீசினால், கூட்டம் காத்திருந்தாலும், அவ்விமானங்கள் கொட்டகையைவிட்டு வெளியே வருவதில்லை. துணிவோடு அடக்கமும் கூடியிருப்பது இதில் தெரிகிறது.

நிஜாமின் அன்பளிப்பு

டி.எச்.9 விமானத்தின் குறைகளைக் களைந்து, 400 குதிரைத்திறனுள்ள அமெரிக்க லிபர்ட்டி இயந்திரம் பூட்டிச் செய்யப்பட்டது டி.எச்.9ஏ. 1918-ல் அவ்வகை விமானங்களைப் பெற்றுப் பிரான்சுக்குச் சென்ற 110-ஆம் அணிக்கு ‘ஹைதராபாத்’ அணி என்று பெயர். அவ்விமானங்களுக்குரிய பொருளை அளித்தவர் ஹைதராபாத் நிஜாம் மீர் உஸ்மான் அலீ கான். ஒவ்வொரு விமானத்தின் உடலிலும் அது நிஜாமின் அன்பளிப்பு என்று எழுதப்பட்டிருந்தது.

அவற்றுள் ஒன்று 1918 அக்டோபர் 5-ஆம் நாள் ஜெர்மானியர் கையில் சிக்கியது. அவர்கள் அதனைப் பெர்லின் காட்சியகத்தில் வைத்தனர். இரண்டாம் உலகப் போரில் பெர்லின்மீது குண்டுகள் பொழிந்தபோது, அத்தொகுப்பைக் கிழக்கே கொண்டுசென்றனர். போர் ஓய்ந்தபின் அது போலந்து நாட்டுக் கிராக்கோ நகரில் இருந்தது. 1977-ல் பிரிட்டிஷார் ஒரு ஸ்பிட்ஃபயரை மாற்றாகக் கொடுத்து அதனை மீட்டனர். இன்று அது லண்டன் ஹெண்டன் காட்சியகத்தில் நிற்கிறது. ஹைதராபாத் அரசு 1948-ல் மறைந்தது. அதன் பெயரைத் தாங்கிய விமானம் ஒன்று லண்டனில் இருக்கிறது. நம் சென்னை மாகாணத்தின் பெயரையும் இரண்டாம் உலகப் போரில் 79, 264 ஆகிய இரு அணிகள் தாங்கிப் பறந்தன.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். முதல் உலகப் போரில் துருக்கிக் கலீஃபா எதிரணியில் இருந்தார். இந்திய முஸ்லிம்களின் உள்ளம் இரண்டாகப் பிளந்து வெதும்பிய காலம் அது. அக்காலத்தில் நிஜாமின் செல்வம் பிரிட்டிஷாரின் குண்டு விமானங்களாக மாறிற்று. அவர்மீது தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை. நிகழ்ந்ததை மறைக்கவும் முற்படவில்லை.

குண்டு விழுந்த மண்

சோமாலிலாந்தில் 1899 முதல் பிரிட்டிஷாரை எதிர்த்து நின்றவர் ஸையித் முஹம்மத் அப்துல்லாஹ் ஹஸன். ஆலிம், ஸூஃபி நெறியினர், சோமாலி மொழியின் பெரும்புலவர். பிரிட்டிஷார் அவரைப் ‘பைத்தியக்கார முல்லா’ என்று ஏசினர். இருபது ஆண்டுகள் தரைப்படையால் முடியாததை 1920 தொடக்கத்தில் டி.எச்.9 குடும்பத்தைச் சேர்ந்த 12 விமானங்களின் துணையோடு சில வாரங்களில் முடித்தனர். கோட்டைகள் வீழ்ந்தன. ஸையித் தப்பிச்சென்று, அதே ஆண்டின் இறுதியில் நோயுற்று மறைந்தார்.

அவ்வெற்றி பிரிட்டிஷாருக்கு ஒரு வழியைக் காட்டிற்று: குறைந்த செலவில் வானிலிருந்தே நாடுகளை ஆளலாம்! 1922-ல் இராக்கின் காவற்பொறுப்பு விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. டி.எச்.9ஏ அணிகள் அங்கே கிராமங்களின்மேல் பறந்தன. 1925-ல் வஸீரிஸ்தான் மலைகளில், தரைப்படையின்றி விமானங்களைக் கொண்டே ஒரு போரை நடத்தி முடித்தனர். ஒரே விமானம், டக்ஸ்ஃபோர்டில் அதனை அண்ணாந்து பார்க்கும் குழந்தை கைகொட்டிச் சிரிக்கிறது, இராக்கில் அன்று அதே ஓசையைக் கேட்ட குழந்தை தாயின் முந்தானைக்குள் ஒளிந்தது. இரண்டும் வரலாறே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுவது பாதிச் சாட்சியம்.

ஸையிதின் பாடல்கள் என்னவாயின? சோமாலி மொழிக்கு 1972-ல்தான் அரசு ஏற்புடைய எழுத்துமுறை அமைந்தது. அதுவரை அவர் பாடல்களைக் காத்தவை மக்களின் நாவுகள். குண்டு போட்டவரின் கருவி கொட்டகையில் காக்கப்பட்டது. குண்டுபட்டவரின் சொல் நெஞ்சில் காக்கப்பட்டது. பின்னது இல்லையேல் முன்னதன் பொருள் விளங்காது.

நம் வீட்டுப் பெட்டிகள்

பிறர் தம் தோல்வியைக்கூடச் செப்பனிட்டு வைக்கும்போது, நாம் நம் செல்வத்தை என்ன செய்தோம்? அறபுத்தமிழ்க் கிதாபுகளும் கையெழுத்துப் பிரதிகளும் நம் இல்லங்களின் மரப்பெட்டிகளில் கரையானுக்கு இரையாகி வருகின்றன. ஏடுகளில் கிடந்த சீறாப்புராணத்தைக் காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் ஷெய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842-ல் அச்சேற்றியிராவிட்டால், அப்பெருங்காப்பியம் நம் காலம்வரை முழுமையாக வந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் அச்சேறியதும் பணி முடிந்துவிடுவதில்லை. படிப்பார் இல்லாத நூல், பறக்காமல் நிற்கும் விமானந்தான். ஓதத் தெரிந்த நாவு ஒன்று வீட்டுக்கு ஒன்றாவது இருந்தால்தான் அது பறக்கும்.

பூமியில் சுற்றித் திரிந்து முன்னோரின் முடிவைக் காணுமாறு திருமறை நம்மை அழைக்கிறது. முன்னோர் விட்டுச்சென்ற தடயங்கள் இருந்தால்தானே காண முடியும்? யானைக் கொட்டாரத்தில் கிடந்ததை ஒருவர் தேடிச்சென்று எடுத்தார். நம் வீட்டுப் பெட்டியைத் திறக்க நமக்கு அத்தனை தொலைவு போக வேண்டியதில்லை. இன்றே திறப்போம். அல்லாஹ் அதற்குரிய தௌஃபீக்கை நம் அனைவருக்கும் நல்குவானாக. ஆமீன்.