கவறு, கழகம், கை

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் மின்சார ரயில் பாதையில் பல்லாவரமும் மறைமலை நகரும் இருக்கின்றன. இரண்டு ஊர்களுக்கும் பொதுவானவர் மறைமலையடிகள். முன்னதில் அவர் வாழ்ந்தார். பின்னது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பல்லாவரத்தில் தாம் தொடங்கிய சமரச சன்மார்க்க நிலையத்துக்குப் பின்னாளில் 'பொதுநிலைக் கழகம்' என்று தனித்தமிழ்ப் பெயர் சூட்டினார் அடிகள். இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சொல் கட்சிக்கும் பதிப்பகத்துக்கும் பேருந்து நிர்வாகத்துக்கும்கூடப் பெயராயிற்று. ஆனால் குறளில் சூது அதிகாரத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அங்கே கழகம் என்றால் சூதாடும் இடம்.

அந்த அதிகாரத்தின் ஐந்தாவது குறள் மூன்று பொருள்களை ஒரே மூச்சில் அடுக்குகிறது. கவறு, கழகம், கை. கவறு என்பது உருட்டும் காய். கழகம் ஆடும் களம். கை என்பதற்கு ஆட்டத்துக்குரிய கைத்தொழில் என்று பொருள் கொள்கிறார் பரிமேலழகர். இன்றைய மொழியில் சொன்னால் அதிர்ஷ்டம், ஆட்டத்தை நடத்தும் இடம், திறமை. இம்மூன்றையும் பெரிதென்று பற்றியவர்கள் இல்லாதவர்களாகிப் போனார்கள் என்கிறது குறள். நம் நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சீட்டாட்டத்தைப் பற்றி விவாதித்தபோது கவற்றையும் கையையும் விரிவாகப் பேசின. நடுவில் இருக்கும் கழகம் போதிய கவனம் பெறவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கழகத்தின் கணக்கு மிகப் பழையது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் சூதாட்டத்துக்கென்று ஓர் அதிகாரியை நியமிக்கிறது. ஆட்டம் ஓரிடத்தில்தான் நடக்கவேண்டும். வென்ற பணத்தில் நூற்றுக்கு ஐந்து அவர் எடுத்துக்கொள்வார். காய்களுக்கு வாடகை, தண்ணீருக்கும் இடத்துக்கும் கட்டணம் ஆகியவை தனி. யார் வென்றாலும் அவருக்கு நட்டமில்லை. ஆடுகிறவர்களில் அவர் ஒருவர்தான் ஆடாதவர்.

திறமையின் கதையையும் நம் மரபு சொல்லியிருக்கிறது. நளன் சூதில் நாட்டை இழந்தவன். பின்பு இருதுபன்னனிடம் தேரோட்டியாக இருக்கும்போது, தான்றி மரத்தின் காய்களை நொடியில் எண்ணிச் சொல்லும் அரசனின் வித்தை கண்டு வியந்து, அதை அவனிடமே கற்கிறான். தான்றிக் காயே பழங்காலத்தில் கவறாகப் பயன்பட்டது என்பதை நினைத்தால் அந்தக் காட்சியின் பொருள் விளங்கும். எண்ணத் தெரிந்தவனுக்குச் சூது வசப்படுகிறது. நளன் மறுபடி ஆடி நாட்டை மீட்கிறான். அந்த ஆட்டத்தில் பங்கு கேட்கும் மூன்றாமவர் கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். பாரதத்தில் நிலைமை வேறு. அங்கே மண்டபத்தைக் கட்டி விருந்துக்கு அழைத்தவனே எதிராளி.

ஆங்கிலேயர் காலத்துச் சட்டங்களுக்குக் கழகத்தின் மேல் ஒரு கண் இருந்தது. 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டமும் 1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டமும் குறிவைத்தது பொதுச் சூதாட்ட விடுதியை. இடத்துக்கு உரியவர் தம் ஆதாயத்துக்காக ஆட்டம் நடத்துகிறாரா என்பது அங்கே முக்கியமான கேள்வி. கூடவே, வெறும் திறமையால் ஆடப்படும் ஆட்டங்களுக்கு விலக்கும் அளிக்கப்பட்டது. இந்த விலக்குதான் பின்னால் பெரிய வாசலாகத் திறந்தது.

1963இல் செகந்தராபாத்தில் ஒரு பொழுதுபோக்கு மன்றத்தில் பணம் வைத்து ரம்மி ஆடியவர்களைப் போலீஸார் பிடித்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1967 நவம்பரில் நீதிபதி ஹிதயத்துல்லா எழுதிய தீர்ப்பு, விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதிலும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று முடிவு செய்வதிலும் திறமை வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்றது. மூன்று சீட்டு ஆட்டத்தைத் தற்செயலின் பக்கம் ஒதுக்கியது. மன்றம் வாங்கிய கட்டணம் கனமானதல்ல என்றும் கருதியது. ஆட்டத்திலிருந்து நடத்துபவர் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்ற எச்சரிக்கையும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பின்னாளில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்பட்டது முதல் பாதி.

திறமை இருந்தும் கழகம் எப்படி அதைத் தின்கிறது? இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கக் காசினோக்களில் சிறு தொகைக்கு ஆடப்படும் ஓர் ஆட்டம் உதவும். அதன் பெயர் லிமிட் ஒமாஹா ஹை-லோ. போக்கரின் ஒரு வகை. ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டு. மேசையில் பொதுவாக ஐந்து சீட்டு. கையிலிருந்து சரியாக இரண்டும் மேசையிலிருந்து மூன்றும் சேர்த்து ஐந்தாக்க வேண்டும். குவிந்த பணத்தில் பாதி மிக உயர்ந்த கைக்கு, பாதி மிகத் தாழ்ந்த கைக்கு. எட்டுக்கு மேற்படாத ஐந்து வெவ்வேறு சீட்டுகள் சேர்ந்தால்தான் தாழ்ந்த கை. அப்படி யாரிடமும் இல்லையென்றால் முழுத் தொகையும் உயர்ந்த கைக்கே. ஒவ்வொரு சுற்றிலும் பந்தயத் தொகை நிலையானது என்பதால் பெருந்தொகை காட்டி யாரையும் மிரட்ட முடியாது. சிறு தொகை மேசையில் பெரும்பாலோர் கடைசிவரை எழுந்து போவதுமில்லை. எனவே அங்கே உட்காருபவர் தம் ஆட்டத்தை மாற்றிக்கொண்டாக வேண்டும். பொய்க் காட்டலை விட்டுவிட வேண்டும். இரு பாதியையும் வெல்லக்கூடிய கைக்காகக் காத்திருக்க வேண்டும். மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். பொறுமையே அங்கே கைத்தொழில்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். நால்வர் ஆளுக்கு 500 ரூபாய் போடுகிறார்கள். மொத்தம் 2,000. கௌடில்யரின் நூற்றுக்கு ஐந்தையே மொத்தத்தில் கழித்தால் நடத்துபவருக்கு 100 போக, மீதி 1,900. உயர்ந்த கைக்கு 950. தாழ்ந்த கை இருவருக்குச் சமமாக அமைந்துவிட்டால் ஆளுக்கு 475. கழகம் இல்லாத ஆட்டமாயின் அவ்விருவரும் போட்ட 500ஐ அப்படியே திரும்பப் பெற்றிருப்பார்கள். இங்கே வென்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டு, ஆளுக்கு 25 ரூபாய் இழந்து எழுகிறார்கள். இந்தச் சுற்று மணிக்கு எத்தனை முறை நடக்கும் என்பதே நடத்துபவரின் கவலை. பங்கு சிறிதாக இருக்கலாம். அது நிற்காமல் ஓடுவது.

கோவாவில் 1990களின் சட்டத் திருத்தங்களால் காசினோ நட்சத்திர விடுதிக்கும் கப்பலுக்கும் வந்தது. அங்கே போவதற்குப் பயணச் செலவு வேண்டும், விடுமுறை வேண்டும். கைப்பேசி வந்தபின் இந்தத் தடைகள் நீங்கின. மறைமலை நகரிலிருந்து ஒரகடம், திருப்பெரும்புதூர் வரை ஷிப்டு முறையில் இயங்கும் தொழிற்சாலைகளின் இளைஞருக்குக் கழகம் சட்டைப்பையில் வந்து சேர்ந்தது. சம்பள நாளில் திறந்திருந்தது. இரவு ஷிப்டு முடிந்த பிறகும் திறந்திருந்தது. கழகத்தில் பொழுது கழிவதால் பழைய செல்வமும் பண்பும் கெடும் என்று வள்ளுவர் காலத்தையும் கணக்கில் சேர்த்தது இங்கே நினைவுக்கு வருகிறது.

தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வர, தமிழக அரசு தடை கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப்பின் 2022இல் புதிய சட்டம் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. ஆனால் நேரத்தையும் வயதையும் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டென்றது. 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்ற விதி வந்து, ஜூன் மாதம் நீதிமன்றத்தின் ஒப்புதலும் பெற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையா தற்செயலா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதைத் தடைசெய்தது. பல நிறுவனங்கள் அந்த மாதமே ஆட்டங்களை நிறுத்தின.

தடை சரியா, கட்டுப்பாடு போதுமா என்பதில் நண்பர்களுக்கு மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். தனிமனித உரிமை என்ற வாதத்தையும் எளிதில் தள்ள முடியாது. ஆயினும் 1967 முதல் 2023 வரை நாம் ஆடுகிறவனின் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். நளனைப்போல் எண்ணத் தெரிந்தவர்கள் எக்காலத்திலும் சிலர் உண்டு. அவர்களைச் சான்று காட்டி, எண்ணத் தெரியாத பலரின் ஆட்டத்தை அனுமதித்தோம். இரு சாராரிடமும் ஒரே விகிதத்தில் பங்கெடுத்தவரைப் பற்றிய கேள்வி, குறளில் நடுச்சொல்லாக இத்தனை நூற்றாண்டுகள் நமக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.