உறைக்குள் இருக்கும் தீர்ப்பு

ஆஸ்கர் விருது விழாச் செய்தி நாளேடுகளில் வரும்போது, வென்றவர் யார் என்றே நாம் பார்க்கிறோம். வென்றவரைத் தேர்ந்தவர் யார், எம்முறையில் தேர்ந்தனர் என்று வினவுவோர் மிகச் சிலரே. வினவத் தொடங்கினாலோ, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீளும் வரலாறு நம்முன் விரிகிறது.

பட அதிபர் லூயி பி. மேயரின் எண்ணத்தில் கருக்கொண்டு, 1927இல் 36 பேரால் நிறுவப்பட்டது ஹாலிவுட்டின் அகாடமி. அதன் முதல் விருதுகள் 1929 மே 16 அன்று, ஒரு விடுதியில் நடந்த விருந்தில், கால்மணி நேரத்திற்குள் வழங்கி முடிக்கப்பட்டன. அன்று உறுப்பினர்கள் பெயர்களை முன்மொழியலாம். இறுதித் தீர்ப்போ ஐந்தே நடுவர்கள் கையில் இருந்தது. மறு ஆண்டில் சிறந்த நடிகையாக மேரி பிக்ஃபோர்ட் தேர்வு பெற்றார். அவர் அகாடமியை நிறுவியோருள் ஒருவர். அவர் கணவர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் அதன் முதல் தலைவர். நடுவர்களைத் தம் மாளிகைக்கு அழைத்து அவர் தேநீர் விருந்தளித்தார் என்ற பேச்சும் பரவியது. ஒரு கோப்பைத் தேநீருக்கு நடுவர் மனம் மாறியதோ இல்லையோ, ஐவர் தீர்ப்பின்மீது இருந்த நம்பிக்கை குலைந்தது. அதன்பின் வாக்குரிமை உறுப்பினர் அனைவருக்கும் விரிந்தது.

பலர் வாக்களித்துவிட்டால் மட்டும் ஐயம் தீர்ந்துவிடுமா? தீரவில்லை. 1934ஆம் ஆண்டின் படங்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் பெட்டி டேவிஸ் பெயர் விடுபட்டது. ‘ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்’ படத்தில் அவர் நடிப்பைக் கண்டவர்கள் கொதித்தெழுந்தனர். பட்டியலில் இல்லாத பெயரையும் வாக்குச்சீட்டில் எழுதலாம் என்று அகாடமி இறங்கி வந்தது. ஆயினும் அவர் மூன்றாம் இடமே பெற்றார். வென்றவர் கிளாடெட் கோல்பர்ட். அடுத்த ஆண்டு முதல் வாக்குகளை எண்ணும் பணி பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்னும் கணக்காய்வு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1940இல் ஒரு நாளேடு விழாவுக்கு முன்பே முடிவுகளை அச்சிட்டுவிட, 1941 முதல் முத்திரையிட்ட உறை வந்தது.

நடுவர் யார், எண்ணுபவர் யார் என்ற வினாக்கள் இவ்வாறு விடைபெற்றன. எப்படி எண்ணுவது என்பதோ எளிதில் முடியாத வினா. 1946 முதல் பல்லாண்டுகள், மிகுதியான வாக்கு பெற்ற படமே சிறந்த படம். 2009இல் அப்பிரிவின் பரிந்துரைகள் ஐந்திலிருந்து பத்தாக உயர்ந்தன. பத்துப் படங்களிடையே வாக்குகள் சிதறினால், பத்தில் ஒரு பங்கிற்குச் சற்று மேல் பெற்ற படமும் வென்றுவிடலாம். மற்ற அனைவரும் அதை வெறுத்தாலும் தடையில்லை. ஆகவே 1930களிலும் 40களிலும் இருந்த தரவரிசை முறை மீண்டும் கொணரப்பட்டது. வாக்காளர் படங்களை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்துகிறார். எதற்கும் முதலிட வாக்குகளில் பாதிக்கு மேல் கிடைக்காவிடில், கடைசியில் நிற்கும் படம் நீக்கப்படும்; அதை முதலில் வைத்த சீட்டுகள் அடுத்த விருப்பத்திற்குச் செல்லும். ஒரு படம் பாதியைக் கடக்கும்வரை இது தொடரும். இம்முறையில் சிலர் உயிராக நேசிக்கும் படத்தைவிட, பலர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ ஏற்கும் படம் முந்தக்கூடும். இது நீதி என்போரும் உளர். துணிவான கலைக்கு இழப்பு என்போரும் உளர். நாம் முன்னவர் பக்கமே சாய்கிறோம். பிற பிரிவுகளில் இன்றும் மிகுதி வாக்கே முடிவு செய்கிறது.

பரிந்துரையில் வேறொரு நெறி உண்டு. நடிகரை நடிகரும் இயக்குநரை இயக்குநரும் பரிந்துரைப்பர். இறுதியில் அனைவரும் வாக்களிப்பர். 2009இல் ஏ. ஆர். ரகுமான் பெற்ற இரு விருதுகளும் இவ்வழியே வந்தவை: இசைத்துறையினர் பரிந்துரைத்தனர், எல்லாத் துறையினரும் தேர்ந்தனர். ஆனால் பரிந்துரைப்போர் பெரிதும் ஓரினத்தவராயின்? 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையருக்கே சென்றன. எழுந்த கண்டனத்தால் பெண்களையும் பிற இனத்தவரையும் பிற நாட்டவரையும் அகாடமி பெருமளவில் சேர்த்தது.

எஞ்சியது ஒரு வினா: வாக்களிப்பவர் படத்தைப் பார்த்தாரா? 2025இல்தான் அகாடமி விதித்தது, ஒரு பிரிவில் இறுதி வாக்களிக்க அப்பிரிவின் பரிந்துரைப் படங்கள் அனைத்தையும் பார்த்திருத்தல் வேண்டும் என்று. அகாடமியின் இணையத் திரையில் பார்த்தால் அது பதிவாகும். திரையரங்கிலோ விழாவிலோ பார்த்தவர், எங்கே, எப்போது பார்த்தார் என்று படிவத்தில் எழுதித் தரவேண்டும். அவர் சொல்லை அகாடமி நம்புகிறது.